பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு இசைக்குழுவைத் தொடங்கியவர்கள் ஒவ்வொருவராக விலகிவிட்டால், மிஞ்சி நிற்பது அதே குழுதானா? இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இது. நாலு இசை ரசிகர்கள் கூடியிருக்கும் இடத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் குரல்கள் உயர்ந்துவிடும். முக்கியப் பாடகர் போனாலே குழு முடிந்தது என்பார் ஒருவர். பெயர் யாரிடம் இருக்கிறதோ அவர்கள்தான் குழு என்பார் இன்னொருவர். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்ல, அமெரிக்காவில் நடந்த ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன்.

1953இல் கிளைட் மெக்ஃபாட்டர் என்ற கறுப்பினப் பாடகர், அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் 'த டிரிஃப்டர்ஸ்' என்ற குரலிசைக் குழுவைத் தொடங்கினார். பிறகு அவர் தனியாகப் பாடப் போய்விட்டார். குழுவின் பெயர் மேலாளர் ஜார்ஜ் டிரெட்வெல் கைக்கு வந்தது. பாடியவர்கள் சம்பளக்காரர்கள் ஆனார்கள். 1958இல் டிரெட்வெல் அவர்கள் அத்தனை பேரையும் ஒரேயடியாக நீக்கிவிட்டார். ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகள் பாக்கி இருந்தன. 'ஃபைவ் கிரவுன்ஸ்' என்று வேறொரு குழு இருந்தது. அவர்களைக் கூப்பிட்டு, இனிமேல் நீங்கள்தான் டிரிஃப்டர்ஸ் என்று சொல்லி மேடையில் ஏற்றினார். பழைய ஆள் ஒருவர்கூட அதில் இல்லை.

அந்தப் புதியவர்களில் ஒருவர்தான் பென் ஈ. கிங். 1959இல் அவர் குரலில் 'தேர் கோஸ் மை பேபி' வந்தது. பின்னணியில் வயலின்கள் சேர்ந்து ஒலிக்க, அந்த வகைப் பாட்டில் அதுவரை அதிகம் கேட்டிராத ஒரு சத்தம். அடுத்த ஆண்டே 'சேவ் த லாஸ்ட் டான்ஸ் ஃபார் மீ' அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. இன்றைக்கு டிரிஃப்டர்ஸ் பிடிக்கும் என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் மனதில் இருப்பது இந்த இரண்டாவது டிரிஃப்டர்ஸ்தான்.

இவ்வளவு நல்ல பாட்டுகள் வந்த பிறகும் அதை நான் வேறு குழு என்றுதான் சொல்வேன். பழையவர் எவரும் புதியவர்களின் பக்கத்தில் நின்று பாடவில்லை. எங்கே மூச்சு எடுப்பது, யார் குரலை யார் தாங்குவது, எந்த இடத்தில் ஒருவர் ஒதுங்கி இன்னொருவருக்கு வழி விடுவது என்று குழுவுக்குள் ஊறிப்போன பழக்கங்கள் எதுவும் கைமாறவில்லை. பெயர் மட்டும் கைமாறியது. அந்தப் பெயரில் பாடிய யாருக்கும் அதன்மேல் பாத்தியதை இல்லை. பென் ஈ. கிங்கும் சம்பளத் தகராறில்தான் 1960இல் வெளியேறினார். பாட்டை உண்டாக்கியவர்களுக்கு இது பெரிய அநியாயம் என்பது என் எண்ணம்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று லண்டனில் நடந்தது. ஷிவோன் டோனகி, முட்டியா புவெனா, கீஷா புக்கானன் என்று மூன்று சிறு பெண்கள் 1998இல் சேர்ந்த குழு 'சுகாபேப்ஸ்'. ஷிவோன் 2001இல் போனார், முட்டியா 2005இல், கீஷா 2009இல். மூவரும் போன பிறகும் குழு அதே பெயரில் ஓடியது. 2012இல் அந்த மூவரும் மறுபடி ஒன்று சேர்ந்தபோது, அவர்கள் தொடங்கிய பெயர் அவர்களிடம் இல்லை. முட்டியா கீஷா ஷிவோன் என்று தங்கள் பெயர்களையே கோர்த்து வைத்துக்கொண்டுதான் பாட முடிந்தது. 2019இல்தான் பழைய பெயர் அவர்களிடம் திரும்பி வந்தது. ஆக, பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதை இத்தோடு விட்டுவிடுவோம்.

நம் ஊர்க் கச்சேரி ரசிகர்களுக்கு இந்தக் கேள்வியே கொஞ்சம் புதிது. கர்நாடக சங்கீத மேடையில் நிலையான குழு என்று ஒன்று கிடையாது. இன்றைக்கு ஒரு வயலின், நாளைக்கு வேறு வயலின். ஒத்திகைகூடப் பார்க்காமல் மேடையிலேயே சந்தித்துக்கொள்வார்கள், கச்சேரியும் களைகட்டும். பாட்டுக்காரர் யாரோ அவர் பெயரில்தான் கச்சேரி. அந்த உலகத்திலிருந்து போன சிலர், ஒரே ஆட்கள், ஒரே பெயர், சேர்ந்து இயற்றும் இசை என்ற ஏற்பாட்டுக்குள் நுழைந்தார்கள். அதுதான் 'சக்தி'. இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பதில் அந்தக் குழுவின் ஐம்பது ஆண்டுக் கதையில் இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன்.

1970களின் நடுவில், ஜான் மெக்லாஃப்லின் என்ற ஆங்கிலேய கிதார் கலைஞர் இதைத் தொடங்கினார். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்று காதைப் பிளக்கும் மின்னிசை வாசித்துப் புகழ் பெற்றிருந்தவர் அவர். அவரோடு சேர்ந்தவர்கள் மூவர். தபலா ஸாகிர் உசேன். வயலின் எல். சங்கர், யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் மகன், எல். வைத்தியநாதன், எல். சுப்ரமணியம் ஆகியோரின் தம்பி. கடம் விக்கு விநாயக்ராம். 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரிதான் முதல் இசைத்தட்டாக வந்தது. அதில் ஆர். ராகவன் மிருதங்கமும் உண்டு. அதற்குப் பிறகு நால்வர்.

மிருதங்கம் போனதில் ஒரு பெரிய விஷயம் நடந்தது. நம் கச்சேரியில் கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கக்காரர் வாசித்த பிறகு, அவர் விட்ட இடத்தில், அவர் கொடுத்த அளவில்தான் கடத்துக்கு வாய்ப்பு. சக்தியில் தபலாவும் கடமும் எதிரெதிரே சமமாக உட்கார்ந்தன. இந்துஸ்தானித் தாளமும் நம் கர்நாடகத் தாளக் கணக்கும் நேருக்கு நேர் பேசிக்கொண்டன. விநாயக்ராம் கடத்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்து வாசிப்பதை வெளிநாட்டு ரசிகர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். பாட்டே கிடையாது, எல்லாம் வாத்தியம்தான். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் மட்டும் உண்டு. மெக்லாஃப்லின் கையில் இருந்தது மின்கிதார் இல்லை. ஒலித்துளைக்குக் குறுக்கே சுருதித் தந்திகள் ஓடும்படி, சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் பிடிக்க வசதியாக விரல் ஓடும் பலகையைக் குடைந்து, தனியாகச் செய்து வாங்கிய மரக்கிதார். மூன்று இசைத்தட்டுகள் போட்டார்கள். 1978இல் கலைந்துவிட்டார்கள்.

1997இல் மறுபடி சேர்ந்தார்கள். இம்முறை பெயர் 'ரிமெம்பர் சக்தி'. சங்கர் இல்லை. அவர் இடத்தில் இன்னொரு வயலினைத் தேடவில்லை, ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் வந்தது. பழைய சக்தியின் முதல் தட்டில் 'லோட்டஸ் ஃபீட்' என்று ஒரு மெல்லிசான உருப்படி உண்டு. 1999இல் வெளிவந்த தொகுப்பில் அதே உருப்படி சௌராசியாவின் மூச்சில் வருகிறது. வாய்ப்புக் கிடைத்தால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெட்டு ஒன்று, நடை வேறு.

அப்புறம் 1999 வாக்கில் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வந்தார். விநாயக்ராம் இடத்துக்கு அவர் மகன் வி. செல்வகணேஷ் வந்தார். அப்பா போன இடத்தில் மகன் என்றால் அதே கடத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார் என்றுதான் எதிர்பார்ப்போம். செல்வகணேஷ் முதன்மையாகக் கையில் எடுத்தது கஞ்சிரா. பலாமரச் சட்டத்தில் உடும்புத் தோல் போர்த்திய, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வாத்தியம். தோலில் தண்ணீர் தடவி, இடது கை விரலால் அழுத்தி, அடிநாதத்தை வளைத்துக் கொண்டுவருவார்கள். கடத்தில் அந்த வளைவு வராது. கடத்தின் கணீரென்ற உலோகச் சத்தம் கஞ்சிராவில் வராது. ஆக, குழுவின் அடித்தளமே வேறு சத்தத்துக்கு மாறிவிட்டது. ஆனால் கணக்கு வீட்டிலிருந்து வந்தது. தாத்தா ஹரிஹர சர்மாவிடமும் அப்பாவிடமும் கற்ற கணக்கு. மேடையில் பக்கத்தில் இருந்தவர், அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து வாசித்த அதே ஸாகிர்.

சங்கர் மகாதேவன் வந்த பிறகு இன்னும் பெரிய மாற்றம். வாத்தியங்கள் மட்டுமே இருந்த குழுவில் பாட்டு வந்தது. 2001இல் வெளிவந்த மும்பைக் கச்சேரிப் பதிவில் அவர் பாடும் 'கிரிராஜ சுதா'வைக் கேட்டால், பழைய சக்தியை மட்டும் அறிந்தவர் இது எந்தக் குழு என்று கேட்பார். அதே பதிவில் சிவமணியும் தவில் ஏ.கே. பழனிவேலும் விருந்தாளிகளாக வந்திருக்கிறார்கள். தொடக்கம் முதல் இருந்த மெக்லாஃப்லினும் பழையபடி இல்லை, மின்கிதாருக்குத் திரும்பியிருந்தார். மாறாமல் இருந்தவர் என்று பார்த்தால் தபலாவோடு ஸாகிர் மட்டும்தான்.

2014 செப்டம்பர் 19ஆம் தேதி ஸ்ரீநிவாஸ் சென்னையில் காலமானார். வயது 45தான். அவர் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை. அவர் போன பிறகு இன்னொரு மாண்டலினைத் தேடி யாரும் போகவில்லை. சில ஆண்டுகள் கழித்து கணேஷ் ராஜகோபாலன் வயலினோடு வந்தார். தம்பி குமரேஷோடு சேர்ந்து நமக்கெல்லாம் பழக்கமானவர். பெயரும் 'ரிமெம்பர்' உதிர்ந்து, மறுபடி வெறும் சக்தி ஆனது. 2023இல் 'திஸ் மொமெண்ட்' வந்தது. 2024 பிப்ரவரியில் அதற்குக் கிராமி கிடைத்தது. 1975இன் ஆட்களில் அப்போது மிச்சம் இருந்தவர்கள் இருவர் மட்டுமே. அதே குழுதானா என்றால், ஆம், சந்தேகமே இல்லாமல் அதே குழுதான் என்பேன்.

எதை வைத்துச் சொல்கிறேன்? இரண்டு விஷயங்கள் சேர்ந்திருக்க வேண்டும். புதிதாக வருபவர் பழையவர் ஒருவர் பக்கத்திலாவது உட்கார்ந்து வாசித்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்தவருக்கு இசையை மாற்றும் உரிமையும் இருக்க வேண்டும். டிரிஃப்டர்ஸில் இரண்டாவது ஓரளவு இருந்தது, முதலாவது இல்லை. சக்தியில் இரண்டும் இருந்தன.

முதலாவது இருந்து, இரண்டாவது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 'ஜர்னி' குழுவைச் சொல்லலாம். ஸ்டீவ் பெரி என்ற பாடகரின் உச்சஸ்தாயிக் குரலால் 1980களில் பெரும்புகழ் பெற்ற ராக் குழு அது. 2007இல் குழுவின் கிதார் கலைஞர் நீல் ஷான், யூடியூபில் ஒரு பிலிப்பைன்ஸ் பாடகரைக் கண்டுபிடித்தார். ஆர்னெல் பினேடா. மணிலாவில் பிறர் பாட்டுகளைப் பாடிப் பிழைத்துவந்தவர். வறுமையிலிருந்து அந்த இடத்துக்கு வந்த அவர் உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்த காரணத்தைப் பாருங்கள். இன்னொருவர் குரல் அவர் தொண்டையில் வந்தது. 2008இல் அவரோடு வந்த தொகுப்பில் புதுப் பாட்டுகளும் உண்டு. கூடவே பழைய வெற்றிப் பாட்டுகளை அவர் குரலில் அப்படியே மறுபதிவு செய்து ஒரு முழுத் தட்டாகச் சேர்த்தார்கள். நம் ஊர் மெல்லிசைக் கச்சேரியில் 'அப்படியே பாடினார்' என்பது பாராட்டு, அந்த மேடையின் வேலையே அதுதான். தானே பாட்டு இயற்றிப் பேர் வாங்கிய ஒரு குழு அந்தப் பாராட்டுக்கு ஆசைப்பட்டால், அதன் வளர்ச்சி அங்கே நின்றுவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

டெல்லியின் 'இந்தியன் ஓஷன்' வேறு வழியில் போனது. சுஷ்மித் சென்னும் அசீம் சக்ரவர்த்தியும் 1990இல் தொடங்கிய குழு. அசீம் தபலா வாசித்துக்கொண்டே பாடுவார். 2009 டிசம்பரில் அவர் இறந்துபோனார். அவர் இடத்தை ஒருவரால் நிரப்ப முடியாது என்று புரிந்துகொண்டு, தாளத்துக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர் என இரண்டு பேரைச் சேர்த்தார்கள். 2013இல் சுஷ்மித்தும் விலகினார். தொடங்கிய இருவரும் இல்லை. ராகுல் ராமும் அமித் கிலமும் இளையவர்களோடு புதுப் பாட்டுகள் செய்துகொண்டிருக்கிறார்கள். சுஷ்மித்தின் கிதார் இல்லாத குறை எனக்குத் தெரிகிறது. இருந்தாலும் அது இந்தியன் ஓஷன்தான்.

நிறுத்திக்கொள்வதும் ஒரு நேர்மையான முடிவு. ஆங்கிலேய ராக் குழுவான லெட் செப்பெலினின் டிரம்ஸ் கலைஞர் ஜான் பானம் 1980 செப்டம்பரில் இறந்தார். அந்த டிசம்பரிலேயே மற்ற மூவரும், இருந்தபடி எங்களால் தொடர முடியாது என்று அறிவித்துவிட்டார்கள். 2007இல் லண்டனில் ஒரே ஒரு முழுக் கச்சேரிக்காக மூவரும் கூடியபோது, ஜானின் மகன் ஜேசன் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து அப்பாவின் பாட்டுகளை வாசித்தார். அது ஒரு அஞ்சலி. அதைத் தாண்டி அந்தப் பெயரில் பயணத்தை நீட்டவில்லை.

இப்போது சக்திக்கும் அந்த நேரம் வந்திருக்கிறது. 2024 டிசம்பர் 15ஆம் தேதி ஸாகிர் உசேன் சான் ஃபிரான்சிஸ்கோவில் காலமானார். தொடங்கியவர்களில் இனி குழுவில் இருப்பவர் மெக்லாஃப்லின் மட்டும்தான், அவர் 1942இல் பிறந்தவர். அவரும் ஓய்ந்த பிறகு அந்தப் பெயரில் யாராவது வாசிக்கலாமா?

வாசிக்கலாம் என்பேன். செல்வகணேஷ் அந்தக் குழுவுக்குள் வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அவர் அப்பா அதில் வாசித்த காலத்தைவிட இது பல மடங்கு அதிகம். ஸாகிரின் கைக்கு எதிரே இத்தனை ஆண்டு உட்கார்ந்த ஒருவரை, நீங்கள் தொடங்கியவர் இல்லையே என்று ஒதுக்க நமக்கு என்ன உரிமை? அவரும் சங்கர் மகாதேவனும் கணேஷும் ஒரு புது ஆளைச் சேர்த்துக்கொண்டு மேடை ஏறினால் நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு போவேன். அந்தப் புது ஆள் தபலா வாசிப்பவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வரும்போது, முடிப்பாக வரும் தாளக் கோர்வையான மோராவில் அவர் ஸாகிரின் மோராவை வைக்கிறாரா, தன்னுடைய மோராவை வைக்கிறாரா என்பதைத்தான் காது கொடுத்துக் கேட்பேன்.

நன்றி.