ரோமாபுரியில் ஒரு வாய்க்காலின் வழியே

வானொலி நேயர்கள் அனைவருக்கும் அன்பான வணக்கம்.

ரோம் நகரத்தைச் சுற்றிப் பார்ப்பது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். ரோம் என்றதும் கொலோசியம், வாத்திகன், சிஸ்டைன் ஆலயத்துக் கூரை ஓவியம் என்று உங்கள் மனத்தில் ஒரு பட்டியல் ஓடும். அவற்றையும் சொல்கிறேன். ஆனால் நான் குடிநீர் வழங்கும் வேலையிலேயே ஆயுளைக் கழித்தவன். எந்த ஊரில் கால் வைத்தாலும், இங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் கேட்பேன். ரோமில் அந்தக் கேள்வியோடு நடந்து பாருங்கள். அடுத்தடுத்து ஒரு சம்பந்தமும் இல்லாமல் பார்த்துவிட்டு வரும் இடங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும்.

குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்துக் குடத்தை வரிசையில் வைத்தவர்கள் நாம். ஆகவே இது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே புரியும். ரோமில் தெருவுக்குத் தெரு, இடுப்பளவு உயரத்தில், வார்ப்பிரும்பில் செய்த குழாய்த் தூண் ஒன்று நிற்கும். நசோனே என்று பெயர். 1874-ஆம் ஆண்டு வைக்க ஆரம்பித்தார்கள். இன்று சுமார் 2,500 இருக்கின்றன. திருகும் கிடையாது, மூடியும் கிடையாது. இரவும் பகலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல குடிநீர், சில்லென்று இருக்கும், காசு கொடுக்க வேண்டாம். முதல் முறை பார்த்தபோது எனக்கு மனம் பதறியது. இப்படி வீணாகிறதே என்று அங்கிருந்த பொறியாளர் ஒருவரிடம் கேட்டேன். ஓடிக்கொண்டே இருந்தால்தான் குழாய்க்குள் தண்ணீர் தேங்கிக் கெடாது என்றார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் 2017-இல் கடும் வறட்சி வந்தபோது அவர்களே இந்தக் குழாய்களை அடைக்க வேண்டியதாயிற்று.

கம்போ தே ஃபியோரி சந்தையில் பழம் விற்கும் ஒரு பாட்டியம்மா எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார். குழாயின் மூக்கு கீழ்நோக்கி வளைந்திருக்கும், குனிந்து வாய் வைக்க முடியாது. மூக்கின் மேல்பக்கம் ஒரு சின்னத் துளை இருக்கிறது. கீழ் வாயை விரலால் அடைத்தால், அந்தத் துளை வழியாகத் தண்ணீர் வில்லாக வளைந்து மேலே வரும். நின்றபடியே குடிக்கலாம். அவர் ஒரு ஆப்பிளைக் கழுவிக்கொண்டே, மற்றொரு கை விரலால் அடைத்துக் காட்டினார். ரோமுக்குப் போகிறவர்கள் ஒரு காலி பாட்டில் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் வெயில் நம் ஊர்க் கத்திரி வெயிலுக்குக் குறைந்ததல்ல.

சரி, வாய்க்காலுக்கு வருவோம். கி.மு. 19-ஆம் ஆண்டு. அகஸ்டஸ் பேரரசராக இருந்த காலம். கரூர், கோயம்புத்தூர் வட்டாரத்தில் மண்ணைத் தோண்டும்போது ரோமானியக் காசுகள் கிடைக்கின்றனவே, அவற்றில் பலவற்றில் முகம் பதித்திருக்கும் அதே அகஸ்டஸ்தான். அவருடைய மருமகனும் தளபதியுமான அக்ரிப்பா, நகருக்குக் கிழக்கே உள்ள ஊற்றுகளிலிருந்து ஒரு வாய்க்கால் கொண்டுவந்தார். அக்வா வெர்கோ என்று பெயர். தாகத்தோடு அலைந்த படைவீரர்களுக்கு ஒரு சிறுமி அந்த ஊற்றுகளைக் காட்டினாள் என்பது பழங்கதை. வாய்க்காலின் நீளம் சுமார் 20 கிலோமீட்டர். ஊற்றிலிருந்து நகரம் வரைக்கும் மொத்த இறக்கம் 4 மீட்டர்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சாண்கூட இல்லை! பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது. வாட்டத்தை, அதாவது சரிவை மட்டும் நம்பித் தண்ணீரை நடத்தி வந்திருக்கிறார்கள். பாதை பெரும்பாலும் மண்ணுக்கு அடியில். வாட்டம் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று மொட்டை மாடிக்குத் தளம் போட்ட எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார்.

மண்ணுக்கு அடியில் என்று சொன்னேனே, அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கதை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கதை, ஆகவே கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

கி.பி. 537. கோத்தியர்கள் என்ற ஜெர்மானிய இனத்தவர் ரோமை முற்றுகையிட்டிருக்கிறார்கள். நகரைக் காத்து நிற்பவர் பெலிசாரியஸ் என்ற கிழக்கு ரோமப் பேரரசின் தளபதி. கோத்தியர்கள் வந்ததும் வாய்க்கால்களை எல்லாம் உடைத்துவிட்டார்கள். குடிநீருக்குக் கிணறும் ஆறும் உண்டு, சமாளிக்கலாம். ஆனால் மாவரைக்கும் ஆலைகள் வாய்க்கால் தண்ணீரின் வேகத்தில் சுற்றியவை, அவை நின்றுவிட்டன. ரொட்டிக்கு மாவு வேண்டுமே! பெலிசாரியஸ் தைபர் ஆற்றில் படகுகளை இரண்டிரண்டாகக் கட்டி, நடுவில் சக்கரம் மாட்டி, ஆற்று ஓட்டத்திலேயே மாவரைக்க வைத்தார்.

அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. முந்தைய ஆண்டு நேப்பிள்ஸ் நகரை அவர் பிடித்ததே, தண்ணீர் வற்றிய வாய்க்காலுக்குள் ஆட்களை அனுப்பித்தான். தான் செய்ததை எதிரியும் செய்வான் அல்லவா? அதனால் ரோமின் வாய்க்கால்களைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்து உள்ளேயே அடைத்துவிட்டார். அவர் நினைத்தபடியே நடந்தது. ஓர் இரவு கோத்தியர் சிலர் பந்தம் கொளுத்திக்கொண்டு ஒரு வாய்க்காலுக்குள் இறங்கினார்கள். நகருக்குள் பின்சியன் வாயிலருகே காவல் நின்ற ஒருவர், தரையை ஒட்டி ஒரு விரிசலில் வெளிச்சம் தெரிவதைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். ஓநாயாக இருக்கும், ஓநாயின் கண் இருட்டில் அப்படித்தான் மின்னும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். உள்ளே போனவர்களோ அடைப்பு வரைக்கும் வந்து, அடையாளத்துக்கு ஒரு கல்லைப் பெயர்த்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். விடிந்ததும் இந்த ஓநாய்ப் பேச்சு பரவிப் பெலிசாரியஸ் காதுக்குப் போயிற்று. அவர் சும்மா விடவில்லை. ஆளை இறக்கிப் பார்க்கச் சொன்னார். உள்ளே பந்தத்திலிருந்து சொட்டிய தடம் கிடந்தது, கல் பெயர்த்த இடமும் தெரிந்தது. அன்றே காவல் போட்டார். கோத்தியர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். இதை எழுதிவைத்த புரோக்கோப்பியஸ், அந்த முற்றுகையில் தளபதியோடு இருந்தவர். அது பின்சியோ குன்றை ஒட்டி வரும் நம் வாய்க்கால்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உயரத் தூக்கிக் கட்டிய மற்ற வாய்க்கால்கள் காலப்போக்கில் பாழாயின. இது மண்ணுக்குள் ஓடியதால் பெருமளவு தப்பியது. 1453-இல் போப் ஐந்தாம் நிக்கோலஸ் இதைச் செப்பனிட்டார். 1570-இல் முழு வாய்க்காலும் மீண்டும் ஓடத் தொடங்கியது.

இனி நடையைத் தொடங்குவோம். நான் சொல்வது ஒரு காலை நேரத்து நடை. காலை ஆறரை மணிக்கெல்லாம் ஸ்பானியப் படிக்கட்டுக்கு வந்துவிடுங்கள். எட்டரைக்கு மேல் போனால் கூட்டத்தில் தலைதான் தெரியும். படியில் இப்போது உட்காரக் கூடாது, 2019 முதல் அபராதம் போடுகிறார்கள். எல்லோரும் படியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் படியின் அடிவாரத்தில் இருக்கும் நீரூற்றைப் பாருங்கள். பாதி மூழ்கிய கல் படகு. பியெத்ரோ பெர்னினி 1620-களின் கடைசியில் செதுக்கியது. ஏன் மூழ்கிய படகு? நம் வாய்க்கால் தாழ்வாக வருகிறது என்று சொன்னேன் அல்லவா? இந்த இடத்தில் தண்ணீருக்கு மேலே பீய்ச்சும் அழுத்தம் கிடையாது. உயரமான நீரூற்று வைக்க முடியாது. அந்தச் சிற்பி தொட்டியையே தரை மட்டத்துக்குக் கீழே இறக்கி, ஓட்டைப் படகிலிருந்து தண்ணீர் கசிவதுபோல அமைத்துவிட்டார். தண்ணீரின் குறையைச் சிற்பத்தின் அழகாக மாற்றிய அந்த மூளையை நினைத்தால், இத்தனை வருஷம் இதே வேலை பார்த்த எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

அங்கிருந்து திரேவி நீரூற்று பத்து நிமிட நடை. நடுவே வியா தெல் நசரேனோ என்றொரு சின்னத் தெரு. அங்கே தெரு மட்டத்துக்குக் கீழே, இரும்புக் கம்பிக்குப் பின்னால், வாய்க்காலின் பழைய வளைவுகளே தெரியும். மேலே பெரிய எழுத்தில் ஒரு கல்வெட்டு. கலிகுலா இடித்த இந்த வளைவுகளை அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டினேன் என்று கிளாடியஸ் மன்னர் கி.பி. 46-இல் பொறித்து வைத்தது. பெரும்பாலானவர்கள் எட்டிக்கூடப் பார்க்காமல் கடந்து போகிறார்கள். பக்கத்திலேயே ரினாஷென்தே என்ற பெரிய கடை இருக்கிறது. அதன் அடித்தளத்துக்கு இறங்கினால், துணிமணிக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் அதே வாய்க்கால் வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. பார்க்கக் கட்டணம் இல்லை.

திரேவி நீரூற்று. அகலம் சுமார் 49 மீட்டர், உயரம் 26 மீட்டர். 1732-இல் நிக்கோலா சால்வி தொடங்கினார், 1751-இல் இறந்துவிட்டார். வேலை முடிந்தது 1762-இல்தான். சிலைகளுக்கு மேலே இரண்டு புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன, தவறாமல் பாருங்கள். ஒன்றில் அந்தச் சிறுமி படைவீரர்களுக்கு ஊற்றைக் காட்டுகிறாள். மற்றொன்றில் அக்ரிப்பா வாய்க்கால் வரைபடத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்கிறார். வலது கையால் இடது தோளுக்கு மேலே காசைப் போட்டால் மறுபடி ரோமுக்கு வருவோம் என்பது நம்பிக்கை. போடுங்கள், அந்தக் காசு காரித்தாஸ் என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்பின் வழியாக ஏழைகளுக்குப் போகிறது. ஆண்டுக்குப் பத்து லட்சம் யூரோவுக்கு மேல் சேருகிறது. பெரிய தொட்டியில் இருப்பது சுழற்சித் தண்ணீர், குடிக்கக் கூடாது. ஓரமாக ஒரு சின்னக் குழாயில் இரண்டு மெல்லிய தாரைகள் ஒன்றையொன்று குறுக்கிட்டு விழும். அது குடிநீர். அங்கே ஒன்றாகக் குடித்த காதலர்கள் பிரிய மாட்டார்கள் என்பார்கள்.

அடுத்தது பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில். வாசலில் அக்ரிப்பா பெயர் பொறித்திருக்கும். நம் வாய்க்கால்காரர் அக்ரிப்பாவேதான். முதலில் கட்டியவர் அவர். இன்று நிற்பது பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், 2-ஆம் நூற்றாண்டில் எழுப்பியது, பழைய பெயரை அப்படியே விட்டுவைத்தார்கள். வாய்க்காலைக் கொண்டுவந்ததே பாந்தியனுக்குப் பின்புறம் இருந்த அக்ரிப்பாவின் பொதுக் குளியல் கூடத்துக்காகத்தான். பாந்தியனின் குவிமாடக் கூரையின் விட்டம் 43 மீட்டர். உச்சியில் சுமார் 9 மீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு. மழை பெய்தால் உள்ளே வராது என்று சில வழிகாட்டிகள் சொல்வார்கள், நம்ப வேண்டாம். நன்றாகவே வரும். அதற்காகத் தரையை நடுவில் லேசாக மேடாக்கி, 22 வடிதுளைகள் வைத்திருக்கிறார்கள். சின்னத் துளைகள், குனிந்து தேடினால்தான் தெரியும். முடிந்தால் மழை நாளில் போங்கள். 2023 முதல் உள்ளே போகக் கட்டணம் உண்டு.

அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் பியாத்சா நவோனா என்ற சதுக்கம். நடுவில் நான்கு நதிகளின் நீரூற்று, 1651-இல் ஜான் லொரென்சோ பெர்னினி முடித்தது. மூழ்கிய படகைச் செதுக்கினார் என்று சொன்னேனே, அவருடைய மகன். நைல், தன்யூப், தென் அமெரிக்காவின் ரியோ தெ லா பிளாத்தா, நான்காவது நம் கங்கை! கங்கையை நாம் தாயாக வணங்குகிறோம். அவர்கள் தாடி வைத்த ஆணாக, கையில் நீண்ட துடுப்போடு உட்கார வைத்திருக்கிறார்கள், படகு ஓடக்கூடிய ஆறு என்பதற்காக. நைல் முகத்தைத் துணியால் மூடியிருக்கும், அதன் பிறப்பிடம் அன்று அவர்களுக்குத் தெரியாது. ரியோ தெ லா பிளாத்தா கையைத் தூக்கியிருப்பது, எதிரே போட்டியாளர் பொரோமினி கட்டிய ஆலயம் இடிந்து விழுமோ என்று பயந்துதான் என்று ஒரு கதை உண்டு. ஆலய வேலை தொடங்கியதே நீரூற்று முடிந்த அடுத்த ஆண்டுதான், ஆகவே அது வெறும் கதை. வேறொன்று உண்மை. இந்த நீரூற்றுக்குப் பணம் செலவழித்தபோது ஊர் பஞ்சத்தில் இருந்தது. எங்களுக்குத் தூணும் நீரூற்றும் வேண்டாம், ரொட்டி வேண்டும் என்று மக்கள் சீட்டு எழுதி ஒட்டினார்கள். அழகை ரசித்துக்கொண்டே அதையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

படகு, திரேவி, பாந்தியன் முற்றத்து நீரூற்று, நவோனா. நான்கும் ஒரே வாய்க்கால் தண்ணீர், நம் அக்வா வெர்கோ.

இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று சைகை காட்டுகிறார்கள். கொலோசியத்துக்குச் சீட்டை முன்னாலேயே இணையத்தில் எடுங்கள், ஃபோரமும் பலட்டைன் குன்றும் அதே சீட்டில் அடங்கும். வாத்திகன் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், வரிசை மிக நீளமாக இருக்கும். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும்.

கடைசியாக வாய்க்கால் பூங்கா. விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் இல்லை. மெட்ரோ ஏ தடத்தில் ஜூலியோ அக்ரிகோலா நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடங்கள். கி.பி. 52-இல் முடிந்த கிளாடியஸ் வாய்க்காலின் வளைவுகள், நம் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் அதே தொழில்தான், புல்வெளி நடுவே வரிசையாக நிற்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. மாலை நாலு மணிக்கு மேல் போனால் வெயில் தாழ்ந்திருக்கும். குழந்தைகளை அழைத்துப் போங்கள், ஓடி விளையாட இடம் நிறைய இருக்கிறது. பக்கத்தில் தாழ்வாக இன்னொரு வாய்க்கால் போகும். அது 1580-களில் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் காலத்தில் முடித்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.