வெயில் இருக்கு, கரண்ட் இல்லை: காரில் ஓடும் ஃபிரிட்ஜ்

வணக்கம் மக்களே. பின்னால் ஒரு சத்தம் கேட்கிறதா? எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ். இன்று மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது மணிக்குப் போன கரண்ட் இரண்டு மணிக்குத்தான் வரும். வெயில் மண்டையைப் பிளக்கிறது, மொட்டை மாடியில் 3 கிலோவாட் பேனல் சும்மா கிடக்கிறது. பெரும்பாலான வீடுகளைப் போல எங்களுடையதும் ஆன்கிரிட் சோலார், அதாவது தெரு லைனோடு சேர்ந்தே ஓடுவது. தெருவில் கரண்ட் போனால், பேனல் கரண்டை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றுகிற அதன் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும், இல்லையென்றால் கம்பத்தில் வேலை பார்க்கிற லைன்மேன் மேல் நம் கரண்ட் பாயும்.

சரி, ஃபிரிட்ஜ் எதில் ஓடுகிறது? கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். காரில்! டாடாவின் மின்சாரக் கார் நெக்ஸான் ஈவி, 2023 செப்டம்பரில் வந்த மாடல். சார்ஜ் போடுகிற இடத்தில் இந்த அடாப்டரை மாட்டி, ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயரை உள்ளே விட்டிருக்கிறேன். ஒரே நேரத்தில் 3.3 கேவிஏ வரை தரும், கேவிஏ என்பது ஏறக்குறைய கிலோவாட் மாதிரி. ஃபிரிட்ஜ், மூன்று ஃபேன், வைஃபை, நடுவில் அம்மா மிக்ஸியில் சட்னியும் அரைத்துவிட்டார்கள். காலையில் கார் சார்ஜ் 78 சதவீதம் இருந்தது, இப்போது 74.

கணக்கு இதுதான். கரண்ட் போனால் ஓட்ட வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்குகிற 150 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட், இந்தக் காரில் 40.5. இருபது பேட்டரிக்கு மேல் போர்ட்டிகோவில் நிற்கிறது! நல்ல வெயில் நாளில் என் பேனல் 12 யூனிட் வரை தரும், அதனால் பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் 15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜ் போட்டுவிடுவேன். மேகம் வந்தால் மீதியை லைனிலிருந்து இழுக்கும், பரவாயில்லை. பகலில் கார் ஆபீஸில் நிற்கிறவர்களுக்கு இது சரிப்படாது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரைச் செய்து, காரின் கரண்டைச் சுவர் பிளக்கில் ஏற்றாதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து அது தெருவுக்குப் போகும், ஓர் உயிர் போய்விடும். பொருளை நேராக எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுங்கள், போதும். வீடு முழுக்க ஓட வேண்டுமென்றால் காரின் கரண்டை வீட்டு வயரிங்கில் பாதுகாப்பாகச் சேர்க்கிற தனி பெட்டி வேண்டும். ஜப்பானில் 2011 நிலநடுக்கத்துக்கு அடுத்த வருடமே நிசான் லீஃப் என்ற மின்சாரக் காருக்கு அப்படி ஒன்று விற்பனைக்கு வந்துவிட்டது. இங்கேயும் சீக்கிரம் வர வேண்டும், எனக்கு அவ்வளவு ஆசை.

இதோ, ஹால் ஃபேன் சுற்றுகிறது, கரண்ட் வந்துவிட்டது. மாடி இன்வெர்ட்டர் எழுந்திருக்கச் சில நிமிடம் ஆகும், அதற்குள் ஃபிரிட்ஜைப் பழைய பிளக்குக்கு மாற்றிவிட்டு வருகிறேன்.