“இன்னொருக்கா அளந்து பாப்பமோ அண்ணை?”

(வலிகாமத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நிர்வாகப் பெரியோரே, தாய்மாரே, கதிரை கிடந்தும் பின்சுவரோடு சாய்ந்து நிற்கிற தம்பிமாரே, வணக்கம்.

தம்பிமாரே, முக்கியமாக உங்களுக்காகத்தான் வந்தேன். நிகழ்ச்சி நிரலில் ‘பெற்றோலிய இரசாயனத் தொழிற்சாலைகளில் பாதுகாப்புப் பண்பாடு’ என்று போட்டிருக்கிறார்கள். அப்படியொரு தொழிற்சாலை யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆனால் அதில் வேலை செய்கிறவர்கள் இங்கேயிருந்துதான் போகிறார்கள். இந்த ஒழுங்கையிலேயே கட்டாரிலோ குவைத்திலோ சவுதியிலோ ஒரு பிள்ளை இருக்கிற வீடுகளை எண்ண ஒரு கை போதாது. நானும் 21 வருடம் அங்கே இருந்துவிட்டு வந்தவன்.

எண்ணெய் செய்கிற கெடுதியும் எங்களுக்குத் தூரத்துக் கதையல்ல. சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அந்த நிலையத்தை நடத்திய கொம்பனியை 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. சுண்ணாம்புக்கல்லுக்குள் ஓடுகிற தண்ணீரைக் குடிக்கிற எங்களுக்கு அது என்ன இழப்பு என்று நான் விளக்கத் தேவையில்லை.

கிணறு என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது தண்ணீர் இறைக்கிற மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடுகிற பழக்கம் இருக்கிறது. புகை மேலே வராமல் உள்ளேயே தங்கும். அதிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மெசினை நிப்பாட்ட இறங்கினவர் விழுவார். அவரைத் தூக்கத் தம்பி இறங்குவார். தம்பியைத் தூக்கப் பக்கத்து வீட்டுக்காரர் இறங்குவார். ஒரே கிணற்றில் மூன்று பிரேதம். இப்படிச் செத்தவர்கள் முட்டாள்கள் அல்லர். பாசத்தாலும் அவசரத்தாலும் இறங்கினவர்கள்.

பழைய ஆட்கள் நாட்பட்ட கிணற்றில் இறங்க முதல் அரிக்கன் லாம்பைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். லாம்பு நூர்ந்தால் அன்றைக்கு இறங்க மாட்டார்கள். எனக்கு அந்தப் பழக்கத்தில் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஒட்சிசன் குறைவைத்தான் லாம்பு காட்டும். காபனோரொட்சைட்டு இருந்தாலும் அது எரிந்துகொண்டுதான் இருக்கும். பெற்றோல் ஆவி நிற்கிற தாங்கிக்குள் லாம்பை இறக்கினால் என்ன நடக்கும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் அங்கே வாயுவைக் காட்டுகிற மீற்றர் வைத்து அளக்கிறோம்.

தொழிற்சாலைக்குள் இருக்கிற தாங்கியும் கோபுரமும் பெரிய இரும்புக் கிணறுகள்தான். வருடத்துக்கொரு தரமோ சில வருடத்துக்கொரு தரமோ எல்லாவற்றையும் நிறுத்தித் திறந்து கழுவுவார்கள். ஷட்டவுன் என்பது அதைத்தான். திறக்க முதல் உள்ளே நிற்கிற எரியும் ஆவியை வெளியேற்ற நைதரசனை அடிப்பார்கள். காற்றில் 78 வீதம் நைதரசன்தானே என்று ஒருவரும் அதற்குப் பயப்படுவதில்லை. அந்த நினைப்புத்தான் ஆளைக் கொல்லுகிறது. ஒட்சிசன் மிகக் குறைந்த இடத்தில் மூச்சு முட்டுகிற உணர்வே வராது. இரண்டு மூச்சு இழுப்பதற்குள் ஆள் விழுந்துவிடுவான்.

இனி நான் செய்த பிழையைச் சொல்கிறேன். எந்த நாடு, எந்தக் கொம்பனி என்பது வேண்டாம்.

ஒரு ஷட்டவுனில் ஒரு பாத்திரத்துக்குள், அதாவது அப்படியொரு பெரிய இரும்புத் தாங்கிக்குள், ஆள் இறக்குகிற வேலைக்கு நான் பொறுப்பு. காலை 7 மணிக்கு அளந்தேன். ஒட்சிசன் 20.9 வீதம், சரியான அளவு. 19.5க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. பெர்மிட்டில், அதாவது வேலைக்கான அனுமதித் தாளில், கையெழுத்து வைத்தேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனோம். அந்த நேரத்தில் வேறொரு குழு பக்கத்துப் பாத்திரத்துக்கு நைதரசனைத் திறந்தது. இடையில் இருந்த வால்வு பூட்டித்தான் இருந்தது, ஆனால் கசிந்தது. அந்தக் குழாயைக் கழற்றி இரும்புத் தட்டுப் போட்டு அடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை.

சாப்பிட்டு வந்த பிறகு, எங்கள் பக்கத்துப் பெடியன் ஒருவன், வேலைக்கு வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, ஏணியில் கால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: “இன்னொருக்கா அளந்து பாப்பமோ அண்ணை?”

நான் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. “காலமை பாத்ததுதானே. இறங்கு.”

மூன்றாவது படியில் அவன் கை விட்டது. வாயிலில் காவலுக்கு நின்றவர் ஒரு நேபாளத்துக்காரர். அவர் உள்ளே பாயவில்லை. பெடியனின் இடுப்பு வாரோடு கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினார். நாங்கள் ஓடிவந்து இழுத்தோம். பெடியன் பிழைத்தான். அந்த மனிதர் பாய்ந்திருந்தால் இரண்டு பெட்டி கட்டுநாயக்காவுக்கும் காத்மண்டுவுக்கும் போயிருக்கும்.

பின்னேரம் அறிக்கை எழுதினோம். வாசலில் ஒரு பெரிய பலகை இருந்தது, விபத்தில்லாமல் எத்தனை நாள் வேலை நடந்தது என்று காட்டுகிற பலகை. அதன் எண் ஆயிரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயிரம் வந்தால் எல்லோருக்கும் பரிசு. வேலையை மேற்பார்க்கிற போமன் என்னைப் பார்த்தார், நான் போமனைப் பார்த்தேன். ‘வெயிலால் மயக்கம்’ என்று எழுதப்பட்டது. கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. அந்த வால்வு அடுத்த நாளும் கசிந்துகொண்டுதான் இருந்தது.

பாதுகாப்புப் பண்பாடு என்றால் தலைக்கவசம், பலகை, சுவரொட்டி என்று நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். எங்களிடம் அவை எல்லாம் இருந்தன. கடைசியில் நிற்கிற பெடியன் ஒரு கேள்வி கேட்டால் அவனுக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதில்தான் ஒரு தொழிற்சாலையின் பண்பாடு தெரியும். அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த பதில் நான்.

பெரிய விபத்துகளைப் படிக்கப் படிக்க இதையேதான் காண்கிறேன். 1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் அல்பா என்ற எண்ணெய் மேடை. ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பரிசோதிக்கக் கழற்றினார்கள். வேலை முடியவில்லை. திறந்த வாயைத் தட்டுப் போட்டு மூடினார்கள், இறுக்கமாக அல்ல. பின்னேரம் அந்தப் பெர்மிட்டைக் கொண்டுபோனபோது கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் வேலையாக இருந்தார்கள். தாளை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த வால்வு இல்லை என்ற ஒரு சங்கதி, முகம் பார்த்து வாயால் சொல்லப்படவில்லை. இரவு மற்றப் பம்ப் நின்றது. வால்வு இல்லாத பம்பை ஓடவிட்டார்கள். இறுக்காமல் மூடிய வாயால் எரியும் வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் போனார்கள். கடலில் ஆட்கள் இறங்கியிருந்தபடியால் தீயணைப்புப் பம்புகளைத் தானாக ஓடாதபடி மாற்றி வைத்திருந்தார்கள், அவையும் உதவவில்லை. மேடை எரிவது கண்ணுக்குத் தெரிந்தும் பக்கத்து மேடைகள் அதே குழாய்த் தொடருக்குள் எண்ணெயைத் தள்ளிக்கொண்டிருந்தன. நிறுத்த யாருக்கு அதிகாரம் என்று மேலிடத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். விசாரித்த நீதிபதி கலன் பிரபு 1990இல் 106 பரிந்துரைகள் எழுதினார். இன்றைக்கு உலகம் முழுக்க ஷிப்ட் மாறும்போது நேருக்கு நேர் நின்று பொறுப்புக் கொடுக்கச் சொல்வதற்குப் பின்னால் அந்த 167 பேரும் இருக்கிறார்கள்.

பலகைக் கணக்கைப் பற்றியும் ஒன்று. 2010 ஏப்ரல் 20, மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். ஏழு வருடம் ஆள் காயப்படாமல் வேலை நடந்ததைப் பாராட்ட வந்த மேலதிகாரிகள் அன்றைக்கு அந்த மேடையிலேயே இருந்தார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்னர், 2005 மார்ச் 23, அமெரிக்காவில் ரெக்சாஸ் சிற்றி எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் வெடித்து 15 பேர் போனார்கள். கோபுரத்துக்குள் திரவம் மேலே மேலே ஏற, மட்டம் காட்டுகிற கருவி அது இறங்குவதாகக் காட்டியது. பின்னர் ஆராய்ந்த பேக்கர் குழு 2007இல் முக்கியமான ஒன்றைச் சொன்னது: கை வெட்டு, கால் சுளுக்குக் கணக்குக் குறைவதைப் பார்த்து ஆலையே பாதுகாப்பாக இருக்கிறது என்று எண்ணிவிட்டார்கள். அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்திவிட்டு வீடு அமைதியாக இருக்கிறது என்று சொல்வது போலத்தான் அது.

போபால் நச்சுவாயு விபத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள், 1984 டிசம்பர். ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் 1982இலிருந்தே அந்த ஆலை ஊரை அழிக்கும் என்று எழுதிக்கொண்டிருந்தார். கேட்டவர் இல்லை. அந்த இரவில் தாங்கியைக் குளிர்விக்கிற இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது, வாயுவை எரிக்கிற கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது.

சரி, எங்கள் பிள்ளைகள் ஏன் வாய் திறந்து கேள்வி கேட்கிறார்கள் இல்லை? இதை நாங்கள் மனம் விட்டுக் கதைக்க வேண்டும். “பெரியாக்களை எதிர்த்துக் கதையாதை” என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். மரியாதை நல்லதுதான், நானும் அப்படி வளர்ந்தவன். ஆனால் அதைவிடக் கனமானது கடன். காணி உறுதியை ஈடு வைத்து, தாய் தாலிக்கொடியை அடைவு வைத்து ஏஜென்சிக்குக் கட்டின காசு. மாதாமாதம் வட்டி ஏறுகிறது. அப்படிப் போன பிள்ளை போமனைப் பார்த்து ‘நான் இறங்க மாட்டேன்’ என்று சொல்ல எவ்வளவு நெஞ்சு வேண்டும்! அவனுடைய வாயை நாங்கள் இங்கேயே கட்டி அனுப்புகிறோம். தாய்மாரே, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை அழைப்பு வரும்போது, காசு விசயத்துக்கு முதல், இன்றைக்கு எதுக்குள்ளே இறங்கினாய், யார் அளந்தது, வெளியே யார் நின்றது என்று கேளுங்கள். வேலையை விட்டிட்டு வந்தாலும் வா என்று ஒரு தரமாவது வாய் திறந்து சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சொல் அவனுக்கு அங்கே எவ்வளவு பலம் என்று எனக்குத் தெரியும்.

தம்பிமாருக்கு: அழுகிய முட்டை மணம் வந்து பிறகு இல்லாமல் போனால், வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஐதரசன் சல்பைட்டு கூடினால் முதலில் உங்கள் மூக்கைத்தான் மரக்கப் பண்ணும். ஒருவர் விழுந்தால் பின்னால் பாயாதீர்கள், கத்துங்கள். அளந்து நேரம் போயிருந்தால், இடையில் சாப்பிடப் போயிருந்தால், திரும்ப அளக்கச் சொல்லுங்கள். உங்கள் அண்ணை ஏசுவார். ஏசட்டும்.

அந்தப் பெடியன் இப்போது கனடாவில் இருக்கிறான். இரண்டு பிள்ளைகள். போன வருடம் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தான். அன்றைக்கு நடந்ததைப் பற்றி இரண்டு பேரும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பும்போது நான்தான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இனிக் கதை போதும். மேசையில் இருக்கிற இந்த மஞ்சள் பெட்டிதான் மீற்றர். ஒட்சிசன், எரியும் வாயு, காபனோரொட்சைட்டு, ஐதரசன் சல்பைட்டு நாலையும் காட்டும். இந்த நிலையத்துக்குப் பின்னால் பாவிக்காத கிணறு ஒன்று கிடக்கிறது, விழாவுக்குப் பிறகு துப்பரவாக்கப் போவதாகத் தலைவர் சொன்னார். கயிறு என்னிடம் இருக்கிறது. பின்சுவரோடு நிற்கிற தம்பிமார் முதலில் வாருங்கள். கட்டுக்கு மேலால் ஒருவரும் எட்டிப் பார்க்க வேண்டாம். மீற்றர் முதலில் இறங்கட்டும், எண்ணைச் சத்தமாக வாசிக்க ஒருவர் வாருங்கள்.