மனை வாங்கலாமா, வீடு வாங்கலாமா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கையில் ஓரளவு பணம் சேர்ந்துவிட்டது. அதை மனையாக வாங்கிப் போடுவதா, வீடாக வாங்கி வாடகைக்கு விடுவதா? சொத்துகளுக்கு மதிப்புப் போடும் தொழிலில் இருப்பதால் என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் ஒரு முடிவோடுதான் வருவார்கள். "மண்ணு எங்கேயும் போகாதுங்க" என்பார் ஒருவர். "மாசம் பிறந்தா வாடகை வருமே" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பணத்தைப் போடுகிறவருடைய நிலைமை என்ன என்பதை இரண்டுமே தொடவில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன். குடியிருக்க வாங்கும் வீட்டின் கணக்கு வேறு; அதை இங்கே சேர்க்கவில்லை.

வீடு என்று நாம் சொல்வதற்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று நிலம், இன்னொன்று அதன்மேல் நிற்கும் கட்டடம். கட்டடத்துக்கு வயதாகும். ஜப்பானின் வரிச் சட்டம் மரத்தால் கட்டிய வீட்டுக்கு 22 ஆண்டு ஆயுள் என்று வைத்திருக்கிறது. அமெரிக்காவில் வாடகை வீட்டின் கட்டட மதிப்பை இருபத்தேழரை ஆண்டுகளில் வருமான வரிக் கணக்கில் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம். நிலத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, ஏனென்றால் நிலம் தேய்வதில்லை. 

நோல், ஷுலாரிக், ஸ்டீகர் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை இன்னும் அழுத்தமாகக் காட்டியது. 1870 முதல் 2012 வரை, 14 நாடுகளின் வீட்டு விலைகளை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீட்டு விலை ஏறியதில் சுமார் 80 விழுக்காடு நிலத்தின் விலை ஏறியதால் வந்தது. செங்கல்லும் சிமெண்டும் கூலியும் சேர்ந்து மிச்சம்தான்.

சரி, அப்படியானால் நேராக மனையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். இதே ஷுலாரிக் வேறு சிலரோடு சேர்ந்து 2019இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார். 16 நாடுகளில், 1870 முதல் 2015 வரை, வீட்டில் போட்ட பணம் விலைவாசி உயர்வு போக ஆண்டுக்குச் சராசரியாக 7 விழுக்காடு அளவில் வளர்ந்திருக்கிறது. பங்குச் சந்தைக்குக் கிட்டத்தட்ட ஈடான வளர்ச்சி. ஆனால் அதில் வாடகை சேர்ந்திருக்கிறது. வாடகையை எடுத்துவிட்டு விலை ஏற்றத்தை மட்டும் பார்த்தால் அந்த வளர்ச்சி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. ஆக, விலையை ஏற்றுவது நிலம். இடைப்பட்ட காலத்தில் சோறு போடுவது கட்டடம். வெறும் மனை வாங்குகிறவர் அந்த வருமானத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வாங்குகிறார்.

அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை வருடம் இந்தப் பணத்தைத் தொடாமல் இருக்க முடியும் என்றுதான். 

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக ஏறக்குறைய எத்தனை ஆண்டு ஆகும் என்று தெரிந்துவிடும். வங்கி வைப்பில் 6 விழுக்காடு கிடைக்குமென்றால் 12 ஆண்டு. அப்படியென்றால், எந்தக் கவலையும் இல்லாமல் வங்கியில் கிடந்திருந்தால் வந்திருக்கும் தொகையை எட்டவே, மனை 12 ஆண்டில் இரட்டிப்பாக வேண்டும். 9 விழுக்காடு வட்டிக்குக் கடன் வாங்கிப் போட்டிருந்தால் 8 ஆண்டில் இரட்டிப்பாக வேண்டும். பதிவுச் செலவு, தரகு, வேலி, வரி எல்லாம் இதற்கு மேல். "அன்னைக்கு வாங்கினது, இன்னைக்கு மூணு மடங்கு" என்று பெருமையாகச் சொல்வார்களே, எத்தனை வருடத்தில் என்று கேட்டுப் பாருங்கள். 20 ஆண்டில் மூன்று மடங்கு என்றால் ஆண்டுக்கு ஐந்தரை விழுக்காடு சொச்சம். கேட்க இனிக்கும் செய்திதான், ஆனால் விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டால் கையில் நிற்பது கொஞ்சம்.

காத்திருக்க முடியாதவருக்கு மனை பெரிய ஆபத்தாகிவிடுவது விற்கும்போதுதான். வீட்டை அவசரத்துக்கு விற்கலாம், அடமானம் வைக்கலாம், வாடகைக்கு விட்டுச் சமாளிக்கலாம். வெறும் மனைக்குப் பொதுவாக வங்கிகள் கடன் குறைவாகத் தரும், வட்டியும் கூடுதலாக இருக்கும். அதனால் வாங்க வருகிறவர்களும் குறைவு. மருத்துவச் செலவு என்றோ படிப்புச் செலவு என்றோ அவசரமாக விற்க வந்தவர்கள், சந்தை விலைக்கு நிறையக் கீழே இறங்கி விற்றதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அந்த மனை மோசமானதில்லை. அவர்களுக்கு அவகாசம் இல்லை, அவ்வளவுதான்.

நிலத்தின் விலை இறங்கவே இறங்காது என்பதும் உண்மையில்லை. ஜப்பானில் 1991 வாக்கில் உச்சத்துக்குப் போன நகர நில விலை, அதன்பிறகு பத்தாண்டுக்கும் மேல் தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தது. அமெரிக்காவில் 2006க்கும் 2012க்கும் இடையில் வீட்டு விலை சராசரியாக நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. ஆனால் வாடகை அந்த அளவுக்கு விழவில்லை. கடன் சுமை இல்லாமல் வாடகைக்கு விட்டிருந்தவர்கள் அந்த ஆண்டுகளைத் தாண்டி வர அது உதவியது.

வீட்டின் பக்கமும் கண்ணை மூடிக்கொண்டு போய்விடக் கூடாது. வாடகைக் கணக்கை எல்லாரும் பன்னிரண்டு மாதத்துக்குப் போடுகிறார்கள். வீட்டின் விலை 100 என்றால் ஆண்டு வாடகை 4 என்று வைத்துக்கொள்வோம். ஆள் மாறும்போது ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும். வெள்ளையடிக்க வேண்டும், குழாய் மாற்ற வேண்டும், வரி கட்ட வேண்டும், காப்பீடு எடுக்க வேண்டும். கடைசியில் இரண்டே முக்கால் மிஞ்சினால் நல்லது. 9 விழுக்காடு கடனில் முழு வீட்டையும் வாங்கியவருக்கு அந்த வாடகை வட்டியில் மூன்றில் ஒரு பங்கைக்கூட அடைக்காது. மீதியை அவர் மாதா மாதம் சம்பளத்திலிருந்து போட வேண்டும். முடியுமென்றால் சரி. முடியாதென்றால் அந்த வீடு அவரைத்தான் தின்னும்.

அடுக்குமாடியில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "என் பங்குக்கு எவ்வளவு நிலம் வருகிறது?" என்று கேளுங்கள். மாடி எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொருவருக்கும் வரும் நிலப்பங்கு சுருங்கும். நீங்கள் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி கட்டடத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் போகிறதென்றால், வயதாகிற பொருளைத்தான் அதிகம் வாங்குகிறீர்கள். முப்பது வருடம் கழித்துக் கட்டடம் பழசான பிறகு விலை நிர்ணயமாவது அந்த நிலப்பங்கை வைத்துத்தான். பத்திரத்தில் அந்த அளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத் தாளில் இருந்தால் போதாது.

என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், குடும்பச் செலவும் சம்பள வருமானமும் மட்டுமே உள்ள ஒருவருக்கு, ஊருக்குள்ளே கொஞ்சம் பழைய தனி வீடு நல்ல தேர்வு. பழசு என்பதால் கட்டடத்துக்கு அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. கொடுத்த பணத்தின் பெரும்பகுதி நிலத்தில் நிற்கும். வாடகை வந்துகொண்டிருக்கும், நிலத்தின் விலையும் தன் போக்கில் நகரும். பத்து பன்னிரண்டு வருடம் தொடத் தேவையில்லாத பணம், கடனும் இல்லை என்றால் தாராளமாக மனை வாங்கலாம். ஆனால் விலை மலிவு என்பதற்காக வெகுதூரத்தில் வாங்காதீர்கள். சந்தையிலிருந்து தூரம் கூடக் கூட நிலம் தரும் வருவாய் குறையும் என்பதை வான் தூனன் என்ற ஜெர்மானியர் 1826லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். நிலத்துக்கு மதிப்பைத் தருவது பக்கத்தில் வரும் சாலையும் தண்ணீரும் வேலை வாய்ப்பும். இனிமேல் வரும் என்று சொல்லப்படுகிற சாலைக்கு இன்றே விலை கொடுக்க வேண்டாம்.

இடம் பார்க்கப் போகும்போது பகலில், வெயிலில், தரகர் காரில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். நல்ல மழை பெய்த மறுநாள் தனியாகப் போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடும். தண்ணீர் எதுவரை நின்றது என்று அந்தக் கோடு சொல்லிவிடும். அப்புறம், மனைக்குள் நீங்கள் நடந்து போன பாதை யாருடையது? பார்த்தால் அகலமான பாதையாக இருக்கும், லாரிகூடப் போய் வரும். ஆனால் பத்திரத்தின் நான்கெல்லையில் பாதை என்று எங்கேயும் இருக்காது. பக்கத்து நிலத்துக்காரர் இத்தனை நாள் பெரிய மனதோடு விட்டிருப்பார். அவர் நிலத்தை வாங்கும் அடுத்த ஆள் வேலி போட்டால் உங்கள் மனை நடுவில் மாட்டிக்கொள்ளும். வழக்குப் போட்டு வழி வாங்கலாம். அதற்குள் எத்தனை வருடம் ஓடுமோ! பாதை உரிமை எழுத்தில் இல்லாத மனைக்கு நான் மதிப்புப் போடும்போது விலையை நன்றாகக் குறைத்துத்தான் எழுதுவேன்.

இடம் பிடித்துவிட்டது என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் மூலப்பத்திரங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சர்வேயரை வைத்து அளந்து, எல்லைக்கல் பத்திரத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆகும் செலவு, சொத்தின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சின்னது. "நாளைக்கு வேறு ஆள் பணத்தோடு வருகிறார், இன்னைக்கே டோக்கன் போடுங்க" என்று அவசரப்படுத்தினால், அந்த ஆளே வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.