அப்பா விட்டுட்டுப் போன மொரிஸ் மைனர்: சாவி போடுறதுக்கு முன்னாடி

எல்லாருக்கும் வணக்கம். அப்பா தவறிப் போயி, அவரோட மொரிஸ் மைனர் ஷெட்லயே நிக்குதா? இந்த வீடியோ உங்களுக்குத்தான். 948 சீசீயோ, 1962க்குப் பிறகு வந்த 1098 சீசீயோ, வேலை ஒண்ணுதான்.

நம்ம மலையகத்துல இந்தக் காரை வச்சிருந்தவங்க யாரு? கணக்குப்பிள்ளை, ஃபெக்டரி ஆபீசர், வாத்தியார். ஆறு நாள் உழைப்பு, ஞாயிறானா போனட்டுக்குள்ள தலை. புள்ளைங்க டியூஷன் காசு போக மிஞ்சினதுலதான் ப்ளக், பாயிண்ட் வாங்குவாங்க. அப்படிப்பட்ட மனுசன் எதையும் சும்மா திருப்பி வச்சிருக்க மாட்டாரு. அவர் வச்ச செட்டிங்கைப் பார்த்து எழுதிக்காம கை வைக்காதீங்க.

ரெண்டு மூணு வருசம் நின்ன எஞ்சின்ல பிஸ்டன் ரிங் சிலிண்டரோட ஒட்டியிருக்கலாம். நாலு ப்ளக்கையும் வரிசை மாறாம கழட்டி வைங்க. நுனி பிரவுனா இருந்தா அவர் டியூனிங் சரி, கரி பிடிச்சிருந்தா பெற்றோல் கூட. ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு டீஸ்பூன் ஒயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்க. மறுநாள் முன்பக்கம் மாட்டி எஞ்சினைக் கையால சுத்துற ஹாண்டிலால சுத்துங்க. கட்டைவிரல் மத்த விரல் பக்கமே இருக்கணும். ப்ளக் போட்ட பிறகு எஞ்சின் திருப்பி அடிச்சா, விரலைக் காப்பாத்துறது இந்தப் பழக்கம்தான்.

பெட்டரி கவனம். இது பொசிட்டிவ் எர்த் கார், அதாவது பெட்டரியோட பிளஸ்தான் காரோட இரும்பு பொடிக்குப் போகும். ரேடியோவுக்காக சிலர் அதை மைனஸுக்கு மாத்தியிருப்பாங்க, முதல்ல பாருங்க. மாத்தி மாட்டினா ரேடியோ போச்சு.

பழைய பெற்றோலை முழுக்க வடிச்சிடுங்க, அது கோந்தாகி ஜெட்டை அடைக்கும். புதுசு ஊத்திட்டு சாவி போட்டா, பெற்றோலை ஏத்துற எஸ்யூ பம்ப் டக் டக்னு அடிச்சு, காபரேட்டர் நிறைஞ்சதும் நிக்கணும். சத்தமே இல்லைன்னா பம்புக்குள்ள பாயிண்ட் கறுத்திருக்கும். நிக்காம அடிச்சா டேங்க் காலி, இல்ல எங்கயோ காத்து இழுக்குது, இல்ல காபரேட்டருக்குள்ள பெற்றோலை அடைக்கிற ஃப்ளோட் நீடில் ஒழுகுது. இனி இடைவெளி. தவ்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் 15 தவ், ப்ளக் 25 தவ், வால்வைத் தள்ளுற டெப்பட் குளிர்ந்த எஞ்சின்ல 12 தவ். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு உள்பக்கம் காய்ஞ்ச துணியால துடைங்க, நம்ம ஊர் பனி அங்கயும் இறங்கும்.

இப்ப காபரேட்டர். அடியில இருக்கிற ஆறு பக்க நட்டை மேல முட்டுற வரைக்கும் திருப்பி, எத்தனை பக்கம்னு எண்ணி எழுதிட்டு, அதே அளவு கீழ இறக்குங்க. புத்தகத்துல 12 பக்கம்னு இருக்கும். உங்க அப்பா அதைவிடக் குறைவா வச்சிருந்தா அது பிழையில்ல. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்க காத்தோட அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறுல ஒரு பங்கு குறைவு, அதனால மிக்சர்ல, அதாவது பெற்றோல்-காத்துக் கலவையில, பெற்றோல் தானா கூடிடும். அதுக்குத்தான் நட்டை மேல ஏத்தியிருப்பாரு. கொழும்புல இருந்து வர்ற மெக்கானிக் பாஸ் 12க்கு இறக்கினா புகைதான் மிச்சம். சந்தேகமா இருந்தா எஞ்சின் சூடானதும் ஓடவிட்டு, காபரேட்டருக்குள்ள இருக்கிற பிஸ்டனைக் கொஞ்சமா தூக்கிப் பாருங்க. வேகம் கூடி அப்படியே இருந்தா பெற்றோல் கூட. எஞ்சின் அணைஞ்சிட்டா பெற்றோல் குறைவு. லேசா கூடி பழைய மாதிரி வந்தா கை வைக்காதீங்க.

ஓடுது, சரி. பிரேக்? நாலு டிரம்முக்கும் ஒரே லைன், ஒரு இடத்துல ஒழுகினா எல்லாம் போச்சு. மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில தரைக்குக் கீழ இருக்கிறதால பலபேர் திறந்தே பார்க்கிறதில்ல. பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். ரம்பொடை இறக்கத்துல டிரம் சூடேறினா அந்த ஈரம் ஆவியாகி, பெடல் தரைக்குப் போகும். ஒயிலைப் புதுசா மாத்துங்க, இறக்கத்துல ரெண்டாவது கியர். நிறுத்தி வைக்கிறப்ப சக்கரத்துக்குக் கல் போடுங்க. ஹாண்ட் பிரேக்கை மாசக்கணக்கா இழுத்து விட்டா லைனிங் டிரம்மோட ஒட்டிக்கும்.

கடைசியா முன் சக்கரத்து ட்ரனியன், சக்கரத்தைத் தாங்கித் திருப்புற மூட்டு. அதுல இருக்கிறது மரை. கிரீஸ் காஞ்சா மரை தேஞ்சு, ஒருநாள் சக்கரம் மடிஞ்சு விழும். ஜாக்கில தூக்கி, பாரம் இல்லாதப்ப அடிச்சாத்தான் கிரீஸ் உள்ள போகும், 1,000 மைலுக்கு ஒரு தடவை. மாத்துறதா இருந்தா இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர், பார்த்து வாங்குங்க. அப்பாவோட பிஸ்கட் டின்ல பழசு கிடந்தா எறியாதீங்க. கடைக்கு அதையே மாதிரியா எடுத்துட்டுப் போகலாம்.