வைரல் லோடு குறைந்த பிறகும் கருப்பை வாய்ப் பரிசோதனை ஏன்?

வணக்கம். வந்திருக்கும் கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்றைக்குத் தனியாக எடுத்துக்கொள்கிறேன். 36 வயதுள்ள ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஹெச்.ஐ.வி. இருப்பது தெரிந்து ஒன்பது வருடமாக, அந்த வைரஸை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறார். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கும் ஹெச்.ஐ.வி.யின் எண்ணிக்கை, கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. இப்போது முதல்முறையாகக் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்ததில் ஹெச்.பி.வி. (கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய வைரஸ்) பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. "ஒரு நாள்கூட மாத்திரையை விட்டதில்லையே, இன்னொரு வைரஸ் எப்படி வந்தது? இது புற்றுநோயா? கணவரைச் சந்தேகப்பட வேண்டுமா?" என்று கேட்கிறார். பதினோரு வயது மகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

முதலில் பயத்தைப் பார்ப்போம். ஹெச்.பி.வி. பாசிட்டிவ் என்பது புற்றுநோய் அல்ல. கருப்பை வாயிலிருந்து எடுத்த மாதிரியில் அந்த வைரஸின் மரபணு இருக்கிறது, அவ்வளவுதான். உடலுறவில் ஈடுபடும் ஆண், பெண் பெரும்பாலோருக்கும் வாழ்நாளில் ஒரு முறையாவது தொற்றுகிற வைரஸ் இது. பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாகவே அடங்கிவிடும். சிலருக்குப் பல வருடம் பதுங்கிக் கிடந்துவிட்டுப் பிறகு தலைகாட்டும். அதனால் யாரிடமிருந்து, எந்த வருடம் வந்தது என்று இந்த ரிப்போர்ட்டைப் பார்த்து எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. தயவுசெய்து இதை வைத்து வீட்டில் சண்டை வேண்டாம்.

சரி, மாத்திரை ஏன் இதைத் தடுக்கவில்லை? ஏ.ஆர்.டி. மருந்துகள் பெரும்பாலும் ஹெச்.ஐ.வி. பெருகுவதற்குத் தேவையான நொதிகளைத்தான் முடக்குகின்றன. ஹெச்.பி.வி.யிடம் அந்த நொதிகளே கிடையாது. அது நம் செல்லின் இயந்திரத்தையே பயன்படுத்திக்கொண்டு பெருகுகிறது. அதை அடக்க வேண்டியது உங்கள் எதிர்ப்புச் சக்திதான். அந்தச் சக்தியை மீட்டுக் கொடுப்பது மாத்திரை. சீக்கிரம் ஆரம்பித்து விடாமல் சாப்பிடும் பெண்களுக்குக் கருப்பை வாயில் செல் மாற்றங்கள் குறைவாகவே வருகின்றன. ஆகவே உங்கள் ஒன்பது வருட உழைப்பு வீண் போகவில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 6 மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாதாரணமாக, தொற்று புற்றுநோயாக மாற 15 முதல் 20 வருடம் ஆகும். எதிர்ப்புச் சக்தி குறைந்து, சிகிச்சையும் இல்லாதவர்களுக்கு 5 முதல் 10 வருடத்திலேயே நடந்துவிடலாம். அதனால்தான் மற்றவர்களுக்கு 30 வயதில் தொடங்கும் பரிசோதனை உங்களுக்கு 25 வயதிலேயே தொடங்க வேண்டும் என்கிறார்கள். ஹெச்.பி.வி. டெஸ்ட் என்றால் 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை. வைரல் லோடு ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்று இதைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த ரிப்போர்ட் ரத்தத்தைப் பற்றித்தான் பேசும், கருப்பை வாயைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அடுத்து உங்களுக்கு என்ன நடக்கும்? கருப்பை வாயை நேரில் பார்க்க வேண்டும். பல இடங்களில் செய்யும் எளிய முறையைச் சொல்கிறேன். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை, பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் ஒற்றுவார்கள். லேசாக எரியலாம். ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறிப்போன செல்கள் இருக்கும் இடம் ஓரம் தெளிவாகத் தெரிகிற வெள்ளைத் திட்டாக எழும்பும். மற்ற இடம் ரோஜா நிறத்திலேயே இருக்கும். சில இடங்களில் கால்போஸ்கோப் என்னும் உருப்பெருக்கியால் பார்த்து, தேவைப்பட்டால் பயாப்ஸி, அதாவது சோதிக்கச் சிறு துணுக்குத் திசு, எடுப்பார்கள். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் என்றால் சூட்டாலோ குளிராலோ அந்த இடத்தை அழிக்கலாம், அல்லது மெல்லிய கம்பி வளையத்தால் எடுத்துவிடலாம். கருப்பையை எடுக்க வேண்டியிருக்குமோ என்று உடனே கலங்காதீர்கள்.

சிகிச்சை முடிந்ததும் பலர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அந்த மாற்றம் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். 12 மாதத்தில் ஒரு பரிசோதனை, அதில் ஒன்றும் இல்லை என்றாலும் இன்னொரு 12 மாதத்தில் மறுபடியும் ஒன்று. இரண்டும் சரியாக வந்த பிறகுதான் வழக்கமான இடைவெளிக்குத் திரும்பலாம். உறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிடாய்க்கு நடுவில் ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இதில் எது இருந்தாலும் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். புகைபிடிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அதுவும் இந்த அபாயத்தைக் கூட்டும்.

மற்ற வைரஸ்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்லீரலைத் தாக்கும் வைரஸான ஹெபடைடிஸ் பி-க்கான பரிசோதனை இதுவரை செய்யவில்லை என்றால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். டெனோஃபோவிர் போன்ற சில மருந்துகள் ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி இரண்டையும் அடக்கும். இரண்டும் இருப்பவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் மோசமாகப் பாதிக்கப்படலாம்.

அப்புறம் உங்கள் மகள். 9 முதல் 14 வயது தடுப்பூசிக்கு மிகச் சரியான வயது, தாராளமாகப் போடுங்கள். அவளுக்கு ஹெச்.ஐ.வி. இல்லை என்றால் ஒன்று அல்லது இரண்டு டோஸ். இருந்தால் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. ஊசி போடும் இடத்தில் இதைத் தயங்காமல் சொல்லிக் கேளுங்கள்.