முதல் மணி அடிப்பதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரிப் பெண்களுக்கு உடற்கல்வி கற்பித்தே என் பணிக்காலம் கழிந்தது. மாணவர்களின் எடையைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "வாயைக் கட்டத் தெரியாத பிள்ளைகள்" என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. வாயைக் குறை சொல்லுமுன் கால அட்டவணையைப் பாருங்கள்.

விடுதியில் காலை நேரம் எப்படி இருக்கும்? குளியலறை வாசலில் வரிசை, அது முடிந்தால் மெஸ்ஸில் வரிசை. ஏழரைக்குக் கதவு திறக்கும், எட்டரைக்கு வகுப்பு. தலையில் ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவரும் பெண், வரிசையைப் பார்த்துவிட்டு அரை டம்ளர் காப்பியோடு திரும்பிவிடுவாள். வீட்டிலிருந்து வருகிறவர்கள் பாடு இன்னும் மோசம். ஆறரைக்கெல்லாம் கல்லூரிப் பேருந்து தெருமுனைக்கு வந்துவிடுகிறது. அந்நேரத்தில் யாருக்குப் பசிக்கும்? பதினோரு மணிக்குப் பசி வயிற்றைக் கிள்ளும்போது இடைவேளை பத்தே நிமிடம். அதற்குள் கேன்டீனில் கைக்கு எட்டுவது பப்ஸ், சமோசா, சர்க்கரை தூக்கலான டீ. காலையில் விட்டதையெல்லாம் இரவு ஒன்பது மணிக்குப் பரோட்டாவில் சேர்த்துப் பிடிக்கிறார்கள். சாப்பிட்ட கையோடு ரெக்கார்டு நோட்டைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

2022 செப்டம்பரில் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது நான் மனதார மகிழ்ந்தேன். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூடாகக் கிடைக்கிறது. வெறும் வயிற்றில் பாடம் ஏறாது என்று அவர்கள் விஷயத்தில் ஒப்புக்கொண்டோம். பதினெட்டு வயதில் மட்டும் ஏறிவிடுமா? விடிவதற்குள் தாய் வேலைக்குப் போய்விடும் வீடுகளிலிருந்து எத்தனை பிள்ளைகள் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு வருகிறார்கள்! அவர்களுக்குக் காலைச் சாப்பாடு எங்கே இருக்கிறது?

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். அதே வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. எடை கூடியிருப்பதால் ஒரு பெண் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று நினைத்துவிடக் கூடாது. மறுபடியும் சொல்கிறேன், நினைத்துவிடக் கூடாது. வயிறு நிறைந்திருக்கும், இரும்புச்சத்து இருக்காது.

இனி விளையாட்டு. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலரை வரை ஆய்வகம், ஆறு மணிக்கு விடுதிக் கதவு அடைப்பு என்றால் பெண்கள் எப்போது ஓடுவது? கபடி அணியில் இருக்கும் பன்னிரண்டு பேர் மைதானத்துக்கு வருகிறார்கள். மற்றவர்கள் மூன்று ஆண்டுகளும் அதைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டே பட்டம் வாங்கிப் போகிறார்கள். ஆண்களோ விளக்கு வெளிச்சத்தில்கூட விளையாடுகிறார்கள். மைதானத்துக்கு ஒரு பெண் காவலரைப் போட்டு, கதவை ஏழரை வரை திறந்துவைக்க ஒரு நிர்வாகத்தால் முடியாதா?

நேரம் நெருங்குகிறது. எடையை வைத்துச் செய்யும் கேலியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: 'குண்டு' என்று பெயர் வைக்கப்பட்ட பெண் முதலில் நிறுத்துவது காலைச் சாப்பாட்டை, அடுத்து மைதானத்துக்கு வருவதை. ஆசிரியர்கள் வகுப்பில் அந்தச் சொல்லை அனுமதிக்க வேண்டாம். வணக்கம்.